பூசை நாள் மாத்திரை

சமையலறைத் தொட்டி சுத்தமாக இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும், இன்ஸ்பெக்டர் மேடம். அது ஒன்றும் குற்றமில்லையே.

ஆலங்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று நோயாளிகளுக்கு விளக்குவது என் பொறுப்பு. சொன்னதோடு விடமாட்டேன், அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பேன். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. டாக்டரே என்னைத்தான் கைகாட்டுவார்.

என் மாமனார் சவரியப்பனுக்கு மூட்டுவாதம். வாரத்துக்கு ஒன்று மட்டும் போடுகிற மாத்திரை. தினமும் போட்டால் உடம்பில் ரத்தமே ஊறாது, ஆளைக் கொன்றுவிடும். மறக்காமல் இருக்க நான்தான் வழி சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போய்வந்ததும் ஒன்று. மனிதர் ஒழுங்காகப் போட்டார்.

ஒழுங்கு அதில் மட்டும்தான். சளியைக் காறிக் காறித் தொட்டியில் துப்புவார். பல்செட்டைக் கழற்றி நான் காப்பி குடிக்கிற டம்ளரில் போடுவார், பருக்கைகள் மிதக்கும். சொன்னால், "வயசாச்சுல்லத்தா, மறந்துபோகுது" என்று சிரிப்பார். அந்த ஈறைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். என் கணவர் அருள்தாஸிடம் சொன்னால், "ஆஸ்பத்திரில நீ பாக்காததா?" என்பார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தது. மாமா தினமும் பூசைக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் காலையில் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"இப்பத் தெனமும் பூசைக்குப் போறேன்லத்தா, அதான் தெனமும் ஒண்ணு போட்டுக்கிறேன். சரிதானே?"

கேட்டுவிட்டுத் தொட்டியில் துப்பினார். பக்கத்தில் நான் கழுவி வைத்த கத்தரிக்காய் இருந்தது.

"சரிதான் மாமா. தண்ணி நெறையாக் குடிங்க" என்றேன்.

மாத்திரை தீர்ந்ததும் நான்தான் வாங்கி வந்து வைத்தேன். வாயெல்லாம் புண்ணானது. எச்சிலில் ரத்தம் வந்தது. சீ, அதையும் அங்கேதான் துப்பினார். காய்ச்சல் கண்டு புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனபோது காரியம் கைமீறியிருந்தது. ஈஸ்டருக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டோம்.

"ஞானமணி, ஒனக்குமா தெரியாமப் போச்சு?" என்று அருள்தாஸ் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரியும் மேடம். வாய்ப்புண் வந்த அன்றே இது எங்கே போய் முடியும் என்று தெரியும். ஆனால் வாயில் போட்டுக்கொண்டது அவர் கைதானே. மாமா அன்றைக்குக் கேட்ட கேள்வியை ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டிருந்தால் உடனே திருத்தியிருப்பேன், அது என் வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் நானும் ஒரு மனுஷிதானே.