இடப்பக்கக் கதவு

— கீலப் பாத்தியா விஜயபாண்டி? குனிஞ்சு பாரு. பின்னு நிக்கிற ஓட்டையில என் சுண்டுவெரலு போகுது. இதுக்குப் பேரு கதவா?

— தேஞ்சுதேன் போச்சு மச்சான்.

— தேஞ்சுதேன் போச்சாம். எந்தங்கச்சி ஓடுற வண்டியிலருந்து விழுந்து, காலுக்குக் கம்பி வச்சு, தோள்ல கட்டுப் போட்டு தேனி ஆஸ்பத்திரியில கெடக்கா. எதனால? இந்தத் துண்டு இரும்பால. போடியில ஊர்ப்பட்ட வண்டிக்கு நான் கதவு மாட்டித் தர்றேன். என் கூடப்பொறந்தவ ஏறுற வண்டிய மட்டும் இந்தப் பட்டறைக்குக் கொண்டார உனக்கு மனசு வரல.

— ஏலக்கா சீசனு. மலை மெட்டுக்கு மேல ஆளுகள ஏத்திட்டுப் போகாட்டி எஸ்டேட்டுல வேற வண்டியக் கூப்பிட்டுக்குவாக.

— வாய மூடு. உங்கப்பா காலத்துப் பிக்கப்பு. இதுக்குக் கடையில கீலு கெடைக்காது, லேத்துல கடைஞ்சுதேன் போடணும். கடைஞ்சு போடுறேன், உனக்காக இல்ல. மத்தியானம் வல்லிய விடுறாக. நேரா எங்க வீட்டுக்கு, ராசிங்காபுரத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். இந்தக் கதவு ஒழுங்காகுற வரைக்கும் அவ உன் வீட்டுக்கு வர மாட்டா. எங்க ஆத்தா சொல்லிருச்சு.

— வல்லி என்ன சொன்னா?

— அவ எங்க வாயத் தெறக்குறா. பிள்ள கார்த்தி போனதுலருந்து அப்பிடித்தேன. பாம்பு கடிச்ச பிள்ளைய மடியில போட்டு இதே வண்டியிலதேன் மலையெறங்குனா. புலியூத்து வளைவுல உசுரு போச்சு. அந்தப் பிள்ள செத்த சீட்டுலயே அவள உக்கார வச்சு, தெனமும் அதே வளைவு வழியா மேல கூட்டிட்டுப் போயிருக்க. கொஞ்சமாச்சும் புத்தி வேணாம்?

— வேற சீட்டுல உக்கார மாட்டேங்குறா மச்சான். வீட்டுல தனியாவும் விட முடியல.

— ஏன் முடியல? அக்கம்பக்கம் ஆளு இல்ல?

— முடியல. விடுங்க.

— நல்லா விட்டேன். சரி, அந்த ஜாக்கிய எடு. கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுப் பின்னக் கழட்டணும். வெரசா வா... இதென்ன, கைப்புடியத் திருகுறேன், கதவு வர மாட்டேங்குது. லாக்கு போச்சா?

— லாக்கு நல்லாத்தேன் இருக்கு. கதவு எறங்கிருச்சுல்ல, அடியில கவ்விக்கிரும். தள்ளுங்க, நான் தெறக்குறேன்.

— எப்பிடித் தெறப்ப?

— அடியில கையக் குடுத்து மேல தூக்கி, தூக்குனபடியே இழுக்கணும்.

— ஒரு கையால அசையக்கூட இல்லையே.

— ரெண்டு கையும் வேணும்.

— உள்ள உக்காந்திருக்கவுக எப்பிடித் தெறக்குறது?

— என்னத்துக்கு அது? கழட்டுங்க, நேரமாகுது.

— கேக்குறேன்ல மாப்ளே.

— உள்புடியத் திருகி விட்டுட்டு, கண்ணாடிய எறக்கி, சன்னல் கட்டைய ரெண்டு கையாலயும் தூக்கணும். தோளக் குடுத்து முட்டணும்.

— இது யாருக்குத் தெரியும்?

— எனக்கு. அவளுக்கு.

— எறங்குன கதவு ரோட்டுல ஆட ஆட இறுகத்தேன் செய்யும். நானும் இத்தன காலமா கதவத்தேன் கட்டி அழுகுறேன், எறங்குன கதவு தானாத் தெறந்து பாத்ததில்ல. அன்னைக்கு எப்பிடித் தெறந்துச்சு?

— தெறந்துச்சு.

— பின்னால இருந்த பொம்பளைக கதவு பிச்சுக்கிருச்சுன்னாளுக. போலீசுலயும் நீ அதத்தேன் சொன்ன. ஊரே உன்னியக் காறித் துப்புச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல நாலு பேரு பாக்க நான் கை வச்சேன். குனிஞ்சுக்கிட்டே நின்ன. அவ தெறந்தாளா மாப்ளே?

— கதவு பழசு மச்சான். அம்புட்டுத்தேன்.

— வல்லி தெறந்தாளா?

— சத்தமாப் பேசாதீக. பக்கத்துக் கடையில ஆளு இருக்கு.

— ஐயோ. எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல. நான் அவ அண்ணன்டா.

— சொன்னா என்ன பண்ணுவீக? பூசாரிகிட்ட இழுத்துட்டுப் போவீக. உள்ள போட்டுப் பூட்டுவீக. கிறுக்கச்சின்னு அவ காதுபடவே பேசுவாக. நான் அடி வாங்குனா வலிச்சிட்டுப் போகுது. அவ சாக நெனைக்கிறத முன்னயே தேனியில டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லியிருந்தேன். மாத்திரை குடுத்து, யாராச்சும் கூடவே இருங்கன்னாக. அதேன் மலைக்கும் கூட்டிட்டுப் போனேன். எனக்கு வேற வழி தெரியல.

— நீ பாத்தியா, அவ தெறந்தத?

— பாத்தேன். கண்ணாடிய எறக்குனா. காத்துக்குன்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டு கையும் கட்டைக்குப் போச்சு. என்னியத் திரும்பிப் பாத்தா.

— கைய நீட்டுனா எட்டுற தூரம்தான? புடிச்சிருக்கலாம்ல.

— எட்டும். ஸ்டியரிங்க விட்டாத்தேன் புடிக்க முடியும். வளைவு பாதியில வண்டி, அவ பக்கம் பள்ளம், பின்னால மூக்கம்மாக்காவும் மத்தவுகளும் வண்டி நெறைய. பேச்சும் சிரிப்புமா வர்றாக. நான் விடல மச்சான். பொண்டாட்டி சாகப் போறான்னு தெரிஞ்சும் ஸ்டியரிங்க விடல.

— மாப்ளே...

— அவ கதவோட மல்லுக்கட்டுறா. தூக்குறா, வரல. மறுபடி தூக்குறா. நான் ஒரு கண்ணு ரோட்டுல, ஒரு கண்ணு அவ மேல. வளைவத் தாண்டி, வேகம் கொறஞ்சு, தடுப்புச் சுவரு வந்த பெறகுதேன் கதவு விட்டுச்சு. சுவத்துல மோதி விழுந்தா. நீங்க திட்டுறீகளே இந்தக் கீலு, இது நல்லா இருந்திருந்தா அவ பள்ளத்துல போயிருப்பா.

— நான் பாவி, புதுப் பின்னு போட்டு, கிரீசு வச்சு, தட்டுனாத் தெறக்குற மாதிரி பண்ணித் தரணும்னு நின்னேன்.

— அதுக்குத்தேன் இங்க கொண்டாராம இருந்தேன்.

— அவ எங்க வீட்டுலயே இருக்கட்டும். ஆத்தா பாத்துக்கிரும், நாங்க எல்லாம் இருக்கோம்.

— உங்க வீட்டுப் பின்னால கெணறு இருக்கு மச்சான்.

— அது... ஆமா. இருக்கு.

— எங்கயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தேன் செய்யுது. எங்கூடவே இருக்கட்டும். பிள்ள போனது எனக்கும் அவளுக்கும்தான.

— சரி. கீலத் தொடல. மேல பெயிண்டு மட்டும் அடிச்சுத் தர்றேன். ஆத்தா கேட்டா மாத்திட்டேன்னு சொல்லிக்கிறேன். போதுமா?

— போதும். இன்னொரு சோலி இருக்கு.

— சொல்லு மாப்ளே.

— நான் உக்கார்ற பக்கத்துக் கதவு ஒரு வெரல்ல தெறக்குது. அதையும் இதே மாதிரி கொஞ்சம் எறக்கி விட்டுருங்க.