மடியில் ஒரு பாய்லர்

இடஒதுக்கீட்டு மறியலுக்காக உளுந்தூர்பேட்டைச் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்ததால், எங்கள் பேருந்து நின்றுவிட்டது. கல் வரும் என்றார்கள். நான் வீரமாகச் சீட்டுக்கு அடியில் பதுங்கினேன். மேலே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு செம்பு வெந்நீர் பாய்லருக்காகச் சண்டை போட்டார்கள்.

“ஒழுவுதுடி. எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம். பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீறா, வெந்நீர் வாணாமா?”

“எங்கம்மா வூட்டு சீரு இது. ஈயம் பத்தவெச்சா போதும்.”

“இன்னும் எத்தினி தபா பத்தவெப்ப?”

“கல்லு, கல்லு!” என்று யாரோ கத்தினார்கள். அவள் மடியிலிருந்த பாய்லரைத் தூக்கிப் புருஷன் பக்கத்து ஜன்னலை மறைத்தாள். டங்கென்று சத்தம்.

“இப்ப சொல்லுய்யா, எடைக்குப் போட்லாமா?”

“ஈயமே பத்தவெச்சிக்கலாம். நவுத்தாத, கெட்டியா புடி.”

என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் கொஞ்சம் பாய்லரைப் பிடிக்கச் சொல்ல வாய் வரவில்லை.