உள்ளே மடித்த துணி

— நான் இளைச்சிருக்கேனா? சிஸ்டர், இந்தச் சட்டையப் பாருங்க. இந்த இருமல் வர்றதுக்கு முன்னாடி போட்டது. இன்னைக்கும் அளவெடுத்த மாதிரி நிக்குது. விலாப் பக்கம் உறுத்தக்கூடச் செய்யுது, சதை போட்டுட்டேன்போல!

— சட்டை கிடக்கட்டும் வெல்டரே. எடை மெஷின்ல ஏறுங்க.

— வேணாம் சிஸ்டர். மெஷின் பொய் சொல்லும், சட்டை சொல்லாது.

— நாலு வாய்கூட உள்ள போகல சிஸ்டர். தட்டைத் தள்ளிட்டு வயிறு ரொம்பிடுச்சுங்கறாரு.

— ஆரம்பிச்சுட்டா என் பொண்டாட்டி, டெய்லரம்மா! ரொம்பிடுச்சுன்னா ரொம்பிடுச்சு.

— வயிறு ரொம்புதா, மூச்சு முட்டுதா? உண்மையச் சொல்லுங்க.

— முட்டுது சிஸ்டர். மெல்லுறதும் மூச்சு விடுறதும் ஒண்ணா முடியல. ஆள் உயரத்துக்கு இரும்புக் கேட்டைப் பத்த வச்சு நிறுத்தினவன், ஒரு வாய்ச் சோத்துக்கு மூச்சு இளைக்குதுன்னு சொன்னா அசிங்கமில்லயா?

— இதுல என்ன அசிங்கம்? உங்க நுரையீரலுக்கு மூச்சு விடுறதே மூட்டை தூக்குற வேலை. சும்மா உக்காந்திருந்தாலும் உடம்பு கரையும். மத்தவங்களவிட நீங்கதான் அதிகமா சாப்பிடணும். ஏறுங்க.

— சரி, ஏறிட்டேன். பாத்துக்குங்க.

— ஐயோ, போன தடவைக்கு இவ்வளவு கொறஞ்சிருக்கே! இதுக்கும் கீழ போனா ஒரு சளிக் காய்ச்சலைக்கூடத் தாங்க மாட்டீங்க.

— அப்ப சட்டை எப்படி... ஏம்மா, நீ ஏன் தலையக் குனியற?

— நான்தாங்க பிடிச்சுத் தச்சேன். துவைச்சுக் காயப் போடுறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா. காலர் பட்டனையும் நகர்த்தினேன். தொளதொளன்னு கண்ணாடியில பாத்தா மனசு உடைஞ்சிருவீங்கன்னு பயம்.

— வெளிய ஒரு தையல் தெரியலயேம்மா! கையா இது! எத்தனையோ வீட்டுக்குப் போறேன், இப்படி ஒரு மனுஷியப் பாத்ததில்ல. ஆனா, துணி தொளதொளன்னு ஆச்சான்னு போன்ல கேட்டப்பல்லாம் இவரு இல்லன்னாரு. நானும் நம்பித் தொலைச்சேன்.

— தச்சு மறைச்சது என் தப்புதான் சிஸ்டர்.

— இனிமே தைக்காதீங்க, ஊட்டுங்க. கொஞ்சம் படுத்து எழுந்ததும் நிமிர்ந்து உக்காந்து, சின்னத் தட்டுல, அடிக்கடி. முட்டை, பால், எண்ணெய் எதுக்கும் கஞ்சத்தனம் வேணாம். தண்ணிய மட்டும் சாப்பிட்ட பிறகு குடிக்கட்டும், முதல்லயே வயித்த அடைச்சுக்கும்.

— எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்? இவதான் முடிவே பண்ணிட்டாளே. இந்த ஆளு இனிமே இவ்வளவுதான்னு என்னை வெட்டிச் சின்னதாக்கிட்டா.

— வெட்டுனேனா? சட்டையக் கழட்டி உள்பக்கம் திருப்பிப் பாருங்க.

— என்னது இது... மடிப்பு மடிப்பா?

— அதுதான் உங்க விலாவுல உறுத்துனது. கத்தரிக்கோலே படல, துணி பூராவும் உள்ளயே இருக்கு. நீங்க மூச்சு வாங்கி வாங்கி, மெதுவாச் சாப்பிடுங்க. ஒவ்வொரு மடிப்பா நான் பிரிச்சு விட்டுக்கிட்டே வர்றேன்.