காகிதத்தில் முப்பது அடி

"லைட்டைப் போடுறேன், இருங்க டீச்சர். காலைல பத்தரை மணி! பத்தரைக்கு லைட்டு! வெளிய சொன்னா சிரிப்பாங்க. எதுத்தாப்புல பாத்தீங்கல்ல... ஆறு மாடி. சூரியன் எங்க வீட்டுக்குள்ள வரணும்னா அந்தக் கட்டடத்துக்கிட்ட பர்மிஷன் வாங்கணும். மூணாவது மாடியில ஒருத்தன் தும்முவான், இங்க நான் மூக்கைத் தொடைச்சுக்கணும். அவ்ளோ பக்கம்! உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்குக் கால் ஆடும்."

டீச்சர் கால் ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று சொல்லி அந்தத் தெரு முழுவதையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் மாடி மாடியாக ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் கெஞ்சின. முந்தின வீட்டுக்காரம்மா எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தாள். "அடுத்தது ஸ்கேல் சார் வீடு. மாநகராட்சியில பிளான் பிரிவுல முப்பத்தோரு வருஷம் கோடு போட்டவரு. பேரை எழுதினதும் எந்திரிச்சுடுங்க. இல்லைன்னா இன்னிக்கு உங்களுக்குப் பொழுது அங்கதான்."

"ரெண்டே பேர். நானும் என் வீட்டம்மாவும். அறை நாலு. ஆமா, நாலு! எதுக்குப் புருவத்தைத் தூக்குறீங்க? நானா எல்லாரையும் வரச் சொன்னேன்? ஊரு வளந்துடுச்சு, வளந்துடுச்சுங்கறாங்க. வளரலை டீச்சர், வீங்கிக் கெடக்கு. வளர்றதுக்கும் வீங்குறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா? அன்னிக்கு டிவியில ஒருத்தரு, கழுத்துல டையைக் கட்டிக்கிட்டு, 'பிள்ளை பெத்துக்கிறதைக் குறைக்கணும்'ங்கறாரு. அட ராசா! காலைல ஆறு மணி ரயில்ல இறங்குற கூட்டமெல்லாம் பிரசவ ஆஸ்பத்திரியில இருந்தாய்யா வருது? பொட்டியோட வருது! மீசையோட வருது!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு படிவத்தில் 'அறைகள்: 4' என்று எழுதினாள்.

"ஏன் வராங்க? அதைக் கேளுங்க. நீங்க கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். பெரிய ஆஸ்பத்திரியா, இங்க. காலேஜா, இங்க. கோர்ட்டா, தலைமை ஆபீஸா... எல்லாம் இங்க! அங்க வெளியூருல ஒருத்தனுக்குக் கடைவாய்ப் பல்லு வலிச்சா, ஏழு மணி நேரம் பஸ்ல தாடையைப் புடிச்சுக்கிட்டு வந்து இங்கதான் வாயைத் தெறக்கணும். தெறந்தான். பல்லு போச்சு. அப்படியே ஒரு வேலை கெடைச்சுது, இருந்துட்டான். அப்புறம் அவன் மச்சான் வரான். மச்சானுக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு! ஆனாலும் வரான்!"

டீச்சர் பேனாவை மூடித் திறந்தாள். அவளும் அப்படி வந்தவள்தான். கணவனுக்கு முதுகில் ஆபரேஷன், ஆறு மாசத்தில் திரும்பிவிடலாம் என்று வந்து பதினாலு வருஷம் ஆகிறது. தம்பியும் வந்தான், தம்பி மனைவியும் வந்தாள். ஒற்றை அறையில் இப்போது ஆறு பேர். அதை இவரிடம் சொல்லி யார் வாங்கிக்கட்டிக்கொள்வது?

"வந்ததைத் தப்புங்கலை. வரவனை என்ன சொல்ல? இழுக்கிறது இங்கல்ல இருக்கு! இதுக்கு ஒரு கமிட்டி போட்டாங்க, நெரிசலைக் குறைக்க. கமிட்டியில எத்தனை பேருங்கறீங்க? அறுபத்தி நாலு! உக்கார நாற்காலி இல்லை, பாதிப் பேரு செவுத்துல சாஞ்சு நின்னாங்க. நான் ஏழு பக்கம் எழுதிக் குடுத்தேன். ஆளைத் துரத்தாதீங்க, வேலையைத் துரத்துங்க, ஆளு தானா பின்னாடி போவான்னு. நாலஞ்சு சின்ன ஊரைப் புடிங்க. ஆபீஸைத் தூக்கி அங்க வைங்க. ஆஸ்பத்திரி கட்டுங்க, காலேஜு கட்டுங்க, வேகமா ஒரு ரயிலை விடுங்க. கேட்டாங்களா? ... கேட்டாங்க டீச்சர். அதான் கொடுமை. சரி, அதை விடுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி டீ எடுத்து வந்தாள். ஒரு கை தட்டில், ஒரு கை சுவரில். நாலு எட்டுக்கு ஒரு முறை நின்றாள்.

"உன்னை யாரு எடுத்துட்டு வரச் சொன்னா? கூப்பிட்டா நான் வர மாட்டேனா? ... இவளைப் பாருங்க டீச்சர். போன வருஷம் பட்டப்பகல்ல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு அந்தக் கதவோரமா உக்காந்துட்டா. ஆம்புலன்ஸ் வந்துச்சு. எங்க வந்துச்சு? தெருமுனைக்கு! உள்ள நுழைய முடியலை. ரெண்டு பக்கமும் வண்டி, தள்ளுவண்டி, தண்ணி லாரி, மனுஷன். அது அங்க நின்னுக்கிட்டு ஊளையிடுது, நான் இங்க நின்னுக்கிட்டு கத்துறேன். எதுத்த வீட்டு நாலாவது மாடியில ஒரு கும்பல் இருக்கு. ஒரே வீட்டுல எத்தனை பேருங்கறீங்க! நான் தினம் திட்டுவேன். அதுல நாலு பேரு ஓடியாந்தானுங்க. ஒருத்தன் பேக்கரி அடுப்புல நிக்கிறவன், ஒருத்தன் இஸ்திரிக்காரன், ஒருத்தன் லிஃப்ட்டு ரிப்பேரு, இன்னொருத்தன் என்ன பண்றான்னு அவனுக்கே தெரியாது. இவளை நாற்காலியோட தூக்கித் தலைக்கு மேல வெச்சானுங்க. தெரு பூராவும் கத்திக்கிட்டே ஓடுறானுங்க. டாக்டரு சொன்னாரு, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா கொண்டுவந்தே பிரயோஜனம் இல்லைன்னு. தெருவாய்யா இது? பன்னெண்டு அடி! பன்னெண்டு அடித் தெருவுல ஆறு மாடி கட்டினா ஆம்புலன்ஸு பறந்தா வரும்? எந்த அறிவுகெட்டவன் இதுக்குக் கையெழுத்துப் போட்டான்..."

"அதையும் சொல்லுங்களேன்" என்றாள் அவர் மனைவி.

ஸ்கேல் சார் டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். இவ்வளவு நேரம் அடைமழையாகப் பொழிந்தவர் தொண்டையைச் செருமினார்.

"என்னத்தைச் சொல்ல... ம். பன்னெண்டு அடித் தெருன்னா ரெண்டு மாடிதான் டீச்சர். சட்டம் அது. ஆறு மாடி வேணும்னா முப்பது அடி இருக்கணும். பிளான்ல முப்பது இருக்கு. காகிதத்துல ஒரு லாரி திரும்பலாம். கோடு... நான் போட்டதுதான்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் கேள்வியாக எடுத்துக்கொண்டார்.

"லஞ்சம்லாம் இல்லை! அந்தப் புத்தி கிடையாது. என் பொண்ணு... ஏழு பக்கம் எழுதினேன்ல? அதை நம்பி ஒரு ஆபீஸைத் தூக்கிக்கிட்டுப் போயி சின்ன ஊருல வெச்சுட்டாங்க. முதல் ஆர்டர்லயே, அந்த ஆபீஸுல வேலை பாத்த என் பொண்ணைத் தூக்கி அங்க போட்டாங்க. என் பொண்ணை! 'அம்மா அழுவுறா'ன்னு சொல்லி, அவங்க கால்ல இவங்க கால்ல விழுந்து, ஆர்டரை ரத்து பண்ண வெச்சேன். இவ அழலை. அழுதது நான். அப்பப் பாத்து இந்த பில்டரு வரான். 'நாலாவது மாடி, தெருப் பக்கம், உங்க பொண்ணுக்குத்தான் சார். நீங்க ஜன்னலைத் தெறந்தா பேரப்பிள்ளை கை காட்டும்'ங்கறான். ஸ்கேலை வெச்சேன். முப்பதுன்னு போட்டேன். ஒரு நிமிஷ வேலை.

ரெண்டு வருஷம் இருந்தா. 'ஜன்னலைத் தெறந்தா ஒங்க மூஞ்சி மட்டும்தான்ப்பா தெரியுது, மூச்சு முட்டுது'ன்னுட்டா. அவளே எழுதிக் குடுத்து, அதே சின்ன ஊருக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டா. அங்க வாசல்ல வெயிலு விழுதாம். அவ இருந்த வீட்டுலதான் இப்ப அந்தக் கும்பல் கெடக்கு."

தெருவில் யாரோ ஹாரனை விடாமல் அழுத்தினார்கள். அவர் அதற்குத் திட்டக்கூட இல்லை.

"ஆம்புலன்ஸு நுழையட்டும்னு நம்ம சுவரை இடிச்சு மூணு அடி உள்ள தள்ளிட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்கிறான். அந்த மூணு அடியிலயும் இப்ப ரெண்டு வண்டி நிக்குது! நடந்ததைப் பூரா ஒரு லெட்டரா எழுதியும் வெச்சிருக்கேன், மாநகராட்சிக்கு. அனுப்பினா மேல நாலு மாடியையும் இடிப்பாங்க. இவளைத் தூக்கிக்கிட்டு ஓடினவனுங்க பொட்டியோட நடுத்தெருவுல நிப்பானுங்க. அனுப்பலைன்னா அடுத்த தடவை எவன் வீட்டுல நெஞ்சு வலிக்குதோ... நீங்களே சொல்லுங்க டீச்சர், அனுப்பட்டுமா, வேணாமா?"

டீச்சர் பேனாவை மூடினாள். டீயைக் குடித்து முடித்தாள், அந்த அம்மாவின் கையை ஒரு முறை தொட்டாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் பின்னாலேயே வந்தார். வாய் மறுபடி பழைய வேகத்தைப் பிடித்திருந்தது.

"எதுத்த வீட்டுக்குத்தானே போறீங்க? லிஃப்ட்டை நம்பாதீங்க, ரிப்பேருக்காரனே அங்கதான் இருக்கான், ஆனா அது ஓடாது! நாலாவது மாடியில கதவைத் தட்டினா நாலு பேருன்னு சொல்லுவானுங்க. பச்சைப் பொய்! பதினோரு பேரு. ஜன்னல்ல நின்னு நானே எண்ணியிருக்கேன். கணக்கு தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு பயம், முட்டாப் பசங்களுக்கு. ஒருத்தனையும் விட்டுடாதீங்க. என்ன வேலை பண்றான்னே தெரியாதவன் ஒருத்தன்னு சொன்னேன்ல, அவனையும் சேத்து எழுதுங்க!"

டீச்சர் தெருவைக் கடந்தாள். ஆறே எட்டில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. படிகளில் முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறி, நாலாவது மாடியில் மணியை அடித்தாள். கையெல்லாம் மாவாக ஒருவன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து அவள் பையையும் படிவத்தையும் பார்த்தான்.

"நாங்க நாலு பேருதாங்க மேடம்."

அவன் தோளுக்குப் பின்னால், கொடியில் ஒரு ஆள் வரிசையே தொங்குவது போலச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"எங்க வீட்டுல ஒரே ரூமுல ஆறு பேருப்பா. நானும் வெளியூருதான்" என்றாள் டீச்சர். "இந்தத் தாளு கணக்கெடுப்புக்கு மட்டும்தான், வேற யாருக்கும் காட்ட மாட்டேன். உள்ள இருக்கிறவங்களையும் கூப்பிடு."

அவன் மாவுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். பிறகு கதவை முழுசாகத் திறந்தான்.