படத்தில் உள்ள தலை

"தலையைக் குடுக்கிறதெண்டா அவரிட்டத்தான் குடுக்கோணும். இல்லாட்டி உயிருக்கு உத்தரவாதமில்லை."

வெள்ளவத்தையில் பஸ் ஏறி என் முன்சீட்டில் அமர்ந்த இருவரில், தொப்பி போட்ட பெரியவர் இப்படிச் சொன்னார். நான் கடலை மெல்வதை நிறுத்தினேன்.

"முடிதானே அண்ணை வெட்டுறார்?" என்றார் இளையவர்.

"முதல்ல ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, வாங்கிப் பார்ப்பார். படத்தில உச்சி எங்கை, மீசை எவ்வளவு எண்டு பார்த்துத்தான் கத்தரி எடுப்பார். செக்பொயின்ற்றில ஒருநாளும் என்னை இறக்கினதில்லை."

"பிறகேன் தொப்பி?"

"அவருக்குக் காய்ச்சல். பாமன்கடைச் சந்தியில வேறையாள் ஒட்ட வெட்டிப்போட்டான். இப்ப நான் இயக்கப் பெடியன் மாதிரி."

"உங்களுக்குப் பேரப்பிள்ளை இருக்கு!"

"அதைச் செக்பொயின்ற்றில துவக்கோட நிக்கிற ஆமிக்காரனுக்குச் சொல்லு."

"அவர் சுகமாகினாப் பிறகு போங்கோவன்."

"மருந்தெடுக்கப் போன இடத்தில அவரைப் பிடிச்சிட்டாங்கள். படுக்கையில கிடந்ததில தாடி வளர்ந்திட்டுது. படத்தில தாடியில்லை. ஆரும் தெரிஞ்சாக்கள் வந்து சொன்னா விடுவாங்களாம். பொலிசுக்குத்தான் போறன்."

"இந்தத் தலையோடையா?"

"வேறை தலை இல்லையே, தம்பி."

செக்பொயின்ற் வந்தது; பஸ் மெதுவானது. ஏறிய இராணுவத்தினர் அடையாள அட்டைகளை எடுக்கச் சொன்னார்கள். என் படத்தில் சுருட்டைமுடி, தலையிலோ வழுக்கை. பதற்றத்தில் சட்டைப்பையில் சீப்பைத் தேடினேன்.

பெரியவர், யாரும் கேட்காமலே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.