கல்லுக் கோயிலை நம்பியவர்கள்

ஓடுகிறோம். 2009 மாசி மாதம். வன்னி. விடிந்துவிட்டது. முதலில் தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம். டும். பிறகு கூவல். பிறகு வெடி. கூவல் கேட்டால் படுக்க நேரம் உண்டு. கேட்காவிட்டால் அது நமக்கு.

"படு! தலையைத் தூக்காதை!"

படுத்தோம். எழும்பினோம். பின்னால் எங்கள் பங்கர், பதுங்குகுழி, இருக்கிறது. அம்மாவின் கூறைச் சேலையைக் கிழித்து மூட்டை தைத்து, மண் நிரப்பி அடுக்கியது. அதற்குள்ளேயே இருப்போம் என்றேன். அம்மா கேட்கவில்லை. மாதா கோயில் கல்லால் கட்டியது. கூரையில் பெரிய சிலுவை. ஊரே அதை நம்பியது.

"கோயிலுக்கு மேலை அடிக்கமாட்டாங்கள். வா மோனை."

தங்கை யசிந்தாவை இழுத்துக்கொண்டு அம்மா ஓடினார். நான் தண்ணீர் வாளியை எடுக்கத் திரும்பினேன். அதனால்தான் இருக்கிறேன்.

கோயில் ஓடு நொறுங்கும் சத்தம். பிறகு சுவர். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

மகள் மெலனி, போன மாதம் லண்டனில் உன் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றேன். நீயும் நானும் காட்போட் மட்டையில் ஒட்டிய வீட்டை, மற்றப் பிள்ளைகளின் வீடுகளோடு வரிசையாக வைத்துக் கொளுத்தினார்கள். 1666இல் லண்டன் எரிந்த பாடம். ஒரு பேக்கரியில் பிடித்த நெருப்பு. மேயர் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாலு நாள் எரிந்தது ஊர். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நீ சொன்னாய்: "ஆறு பேர்தான் செத்தது, அப்பா. டீச்சர் சொன்னவ."

"நாலு நாள் எரிஞ்ச ஊரிலை ஆறு பேரோ? ஆர் எண்ணினது?"

உன் அண்ணன் அன்ரன் சிரித்தான். "பார், அப்பா இதையும் வன்னிக்குக் கொண்டுபோகப்போறார்."

ஓம். கொண்டுபோகிறேன். நான் பத்தாம் வகுப்புவரைதான் படித்தவன். நூலகத்தில் அந்த வருடத்தைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து, மெல்ல மெல்ல வாசித்தேன். புத்தகக் கடைக்காரர்கள் தங்கள் புத்தகங்களையெல்லாம் பெரிய கோயிலின் நிலவறையில் அடுக்கினார்களாம். கல்லுச் சுவர். நெருப்பு வராது. வந்தது. கூரையின் ஈயம் உருகித் தெருவில் ஓடியது. நிலவறையும் எரிந்தது. ஏழைகளின் சாவை யாரும் ஒழுங்காகப் பதியவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டாம்.

எனக்கு அது புதிதில்லை. எங்கள் கோயில் விழுந்த அன்று மாலை அரசாங்க வானொலி சொன்னது: பொதுமக்களுக்குச் சேதம் இல்லை. அப்போது நான் வெறும் கையால் கல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். யசிந்தாவின் பின்னல் தெரிந்தது. இழுக்கப் பயந்தேன்.

மட்டை வீட்டைக் கொளுத்திய அன்றிரவு, சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு நீ கேட்டாய்: "அப்ப ஆறு எண்டு எழுதட்டோ?"

"எண்ணினது ஆறு எண்டு எழுது."

எங்கள் ஆட்களை ஒருவரும் எண்ணவில்லை. மரணப் பத்திரம் இல்லை. கல்லறை இல்லை. அந்த இடத்தில் இப்போது பற்றைக் காடு. நானும் போய்விட்டால் அவர்கள் இருந்ததே இல்லை என்றாகிவிடும். அதனால் எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் இதைப் பாடமாக்க வேண்டும்.

போனவை: கோயில் மணி. எங்கள் சைக்கிள். என் அப்பாவின் ஒரேயொரு படம்.

போனவர்கள்: என் அம்மா. யசிந்தா, பதினாறு வயது. பக்கத்துப் பங்கர் சூசை அண்ணை. அவருடைய மனைவி. அவர்களுடைய கைக்குழந்தை. அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் கொடுக்க இருந்தார்கள். பெயரை அதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அதையும் ஒன்று என்று எண்ணுங்கள்.