அறுபது கிலோ

எங்கள் வீட்டில் தண்ணீர் கேன் மாற்றுவது என் வேலை. நான் தூக்கிக் கவிழ்ப்பேன். கீழே சிந்தியதை என் மனைவி துடைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

நாற்பது வயதில் அவள் ஜிம்மில் சேர்ந்தாள். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து தோள் இறுகிவிட்டது, எடை தூக்கிப் பழகுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் தடுக்கவில்லை. சாப்பாட்டுக் கணக்கைக்கூட நான்தான் போட்டுக்கொடுத்தேன். எடை, உயரம், வயது மூன்றையும் வைத்து, சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று பார்க்க வேண்டும். பிறகு வேலைக்கும் பயிற்சிக்குமாகச் சேர்த்து அதைப் பெருக்க வேண்டும். அவளுக்குத் தினம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வந்தது. கணக்கு சரி. இப்போதும் நீங்கள் போட்டுப் பார்க்கலாம்.

அன்றிலிருந்து சோறு, பருப்பு, கோழி, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்துத்தான் தட்டில் போட்டுக்கொண்டாள். தராசு நான் கொடுத்தது. எடை இயந்திரங்களைச் சோதித்துச் சரிசெய்வது என் தொழில். "எங்க வீட்டுக்காரர் கை பட்ட மெஷின், இம்மி பிசகாது" என்று ஜிம்மில் பெருமையடிப்பாளாம். கோச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேன் காலியானது. நான் எழுவதற்குள் அவள் புதிய கேனை ஒரே மூச்சில் தூக்கி வைத்துவிட்டாள்.

"நீங்க உட்காருங்க. இடுப்பு பிடிச்சுக்கும்."

அவள் தங்கை வந்திருந்தாள். "மாமா, உங்க வேலை போச்சே. இனிமே துணியை நீங்க எடுத்துக்கோங்க" என்றாள்.

நானும் சிரித்தேன். துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. ஒரு சொட்டுகூட அவள் சிந்தவில்லை.

மறுநாள் தராசைத் திருத்தினேன். பெரிய வித்தையில்லை. முக்கால் கிலோ கல்லை வைத்து, இது ஒரு கிலோ என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், நம்பிவிடும். முட்டையை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது எண்ணிக்கையில் போவது.

நான் அவளைப் பட்டினி போட்டேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அவள் தட்டில் நான் கை வைத்ததே இல்லை.

குளியலறை எடை இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் இளைக்க இளைக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்தேன். அது அவளுக்கு எப்போதும் அறுபதே காட்டியது. எவ்வளவு ஏற்றியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியுமாதலால், அவளுடைய உண்மையான எடை எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. துணியெல்லாம் தொளதொளத்தபோது, கொழுப்பு போய் சதை இறுகுகிறது என்று கோச் விளக்கினார். அவளுக்குச் சந்தோஷம். பிறகு முடி கொட்டியது, மாடிப்படியில் தலை சுற்றியது.

"சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டிக்கட்டுமாங்க?"

"கணக்கு சரியாத்தானே இருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

ஒருநாள் கேனைப் பாதி தூக்கி, கீழே வைத்துவிட்டாள். "என்னங்க, கொஞ்சம் வந்து பிடிங்க." அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினால் மறுபடி தூக்குவாள்.

ஜிம் இயந்திரம் அவளை ஐம்பத்துமூன்று என்று காட்டியது. அதுதான் கெட்டுவிட்டது என்று கோச்சோடு சண்டை போட்டு, என்னைக் கூட்டிப்போனாள். எடைக்கல் பெட்டியோடு போனேன். எல்லோர் முன்னாலும் கல் வைத்துப் பார்த்தேன். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. எண் தெரிந்தது குனிந்திருந்த எனக்கு மட்டும். அதை வீட்டு இயந்திரத்தோடு ஒத்துப்போகும்படி மாற்றிவிட்டு வந்தேன். "நான் சொல்லல?" என்றாள் கோச்சிடம்.

மூன்றாம் மாடியில் இருந்த அந்த ஜிம்மில் ஒரு பித்தளை மணி தொங்கும். எடை மாட்டிய கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து, தன் உடம்பின் எடையளவு தூக்கிக்கொண்டு எழுந்தவர்கள் மட்டும் அதை ஒருமுறை அடிக்கலாம். அவளுக்கு அந்த மணிதான் குறி. ஒரு மாலை வியர்வை காயாமல் வந்தாள்.

"ஐம்பத்தஞ்சு தூக்கிட்டேங்க. இன்னும் அஞ்சுதான். அப்புறம் மணி."

அவள் எடைக்கு மேல் இரண்டு கிலோ. அன்றைக்கே அவள் மணியடித்திருக்க வேண்டும். "அவசரப்படாத" என்றேன்.

அடுத்த வாரம் அறுபது ஏற்றினாள். கோச் வேறொருவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தவள் எழும்போது கண் இருட்டி முன்னால் சரிந்தாள். கம்பி உருண்டு கழுத்தில் விழுந்தது.

கோச் போன் செய்தபோது பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் இருந்தேன். ஆம்புலன்சுக்கு முன்னால் நான் போய்விட்டேன். அவளுக்கு நினைவு இருந்தது.

"எழுந்துட்டேனா?" என்று கேட்டாள்.

"தூக்காதீங்க சார்" என்றார் கோச். "கழுத்து அசையக் கூடாது. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு."

காதில் விழுந்தது. சுற்றிலும் அத்தனை பேர் நின்றார்கள். நான் குனிந்து அவளைத் தூக்கினேன்.

கம்பி விழுந்ததில் அவள் பிழைத்திருப்பாள், படிக்கட்டில்தான் உயிர் போயிற்று என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். தராசைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். ஆனால் நீங்கள் படிக்கட்டையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏன் தூக்கினேன் என்று.

மூன்று மாடி. எங்கும் நிற்கவில்லை. மூச்சுகூட வாங்கவில்லை. கையில் கனமே தெரியவில்லை. முதல் திருப்பம்வரை அவள் கண் திறந்துதான் இருந்தது. எனக்கு இன்னும் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்த்திருப்பாள்.